அடைக்கலம் என்னும் கடன்

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பூட்டிக்கிடந்த இரும்புப் படலையின் முன்னே ஒரு நாய் பல நாட்களாகப் படுத்திருந்தது. ஞாயிறுதோறும் தமிழ்ச் சங்கத்துக்குச் சென்று மீளுங்கால், கடற்காற்று வாங்க அவ்வழியே நடப்பது என் வழக்கம். நாயின் கழுத்திலே பட்டி கிடந்து தேய்ந்த அடையாளம் இருந்தது. ஆதலின் அது தெருவிலே பிறந்த நாயன்று, ஒருவர் கையால் உண்டு வளர்ந்தது என்பது பார்த்த அளவிலே புலனாயிற்று. அயலாரை வினவினேன். அவ்வீட்டார் கடல் கடந்து பிள்ளைகளிடம் சென்றுவிட்டனராம். வீடு தொடர்மாடி கட்டுவோர் கைக்கு மாறிவிட்டதாம். தளபாடங்களை விற்றார்கள், பூச்சாடிகளை அயலவர்க்குக் கொடுத்தார்கள், நாயை மட்டும் எவர்க்கும் கொடுக்கவுமில்லை, உடன் கொண்டு செல்லவுமில்லை. படலையைப் பூட்டியபோது அது வெளியே நின்றது. அவ்வளவே.

இஃது ஒரு வீட்டுச் செய்தி மட்டும் அன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கட்டாக்காலி நாய்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரு கட்சியார் எதிரெதிரே நிற்கக் காண்கின்றோம். நாய்களைப் பிடித்து அகற்றுக என்பர் ஒருசாரார். அவை வாயில்லாச் சீவன்கள், பாண் துண்டேனும் இடுக என்பர் மற்றொருசாரார். முன்னவர் கூற்றைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடல் தகாது. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையைத் தெரு நாய் துரத்தக் கண்ட தாயின் அச்சம் மெய்யான அச்சம். பின்னவர் இரக்கமும் மெய்யே. ஆயினும் இருசாராரும் ஒரு வினாவை மறந்துவிடுகின்றனர். இந்நாயைத் தெருவுக்கு அனுப்பியவர் யார்?

முதற்கண் சட்டத்தின் நிலையை நோக்குவோம். விசர்நோய் பற்றிய கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1893ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்டது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துதலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத்தது. அதன்கீழ் விதிக்கத்தக்க தண்டம் நூறு ரூபாவாக வரையறுக்கப்பட்டது. அந்நாளில் நூறு ரூபா பெருந்தொகை. இந்நாளில் அத்தொகைக்கு ஓர் இறாத்தல் பாண் வாங்குவதும் அரிது. பழஞ்சட்டத்துக்கு மாற்றாகப் புதிய மசோதா ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. 2016இல் அமைச்சரவை அதனை ஏற்ற பின்னரும் ஆண்டுகள் பல வீணே கழிந்தன.

கொன்று ஒழித்தல் என்னும் வழியையும் இந்நாடு நெடுங்காலம் நடந்து பார்த்தது. மாநகர சபை வண்டிகள் நாய் பிடிக்க வந்த காலத்தை மூத்தோர் அறிவர். ஆயினும் நாய்கள் ஒழிந்தில. காரணம் எளிது. ஒரு சந்தியிலே குப்பையும் எச்சிலும் குவிந்திருக்கும் வரையில், அங்கிருந்த நாய்களை அகற்றினால் அயற்சந்தி நாய்கள் அவ்விடத்தை நிரப்பும். கொல்லப்பட்டவற்றுள் தடுப்பூசி ஏற்றப்பெற்றவையும் அடங்கும். புதிதாய் வருவனவோ ஊசி காணாதவை. பெண்நாய் இரண்டு மாதத்தில் ஈனும்; ஓர் ஈற்றில் நான்கு ஐந்து குருளைகள்; ஆண்டில் இருமுறையும் ஈனுதல் கூடும். ஆகவே வெற்றிடம் நெடிது நில்லாது.

2006ஆம் ஆண்டிலே கொல்லாமைக் கொள்கையை அரசு மேற்கொண்டது. அடுத்த ஆண்டு தொடக்கம் கொழும்பு மாநகர சபையும் புளூ போ அறக்கட்டளையும் உலக விலங்குப் பாதுகாப்புச் சங்கமும் கூடி, நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தும் பணியாற்றின. நகரத்து நாய்களிடையே விசர்நோய் பெரிதும் குறைந்தது. மனிதர்க்கு வரும் விசர்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்க்கடியால் வருவது என்றும், நாய்களுள் எழுபது விழுக்காட்டுக்குத் தடுப்பூசி ஏற்றினால் அந்நோயின் சங்கிலி அறும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறும். 1970களின் முற்பகுதியில் இந்நாட்டில் ஓராண்டில் முந்நூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்த நோய், அண்மைய ஆண்டுகளில் சில பத்துப் பேரளவிற்கு இறங்கியது. தடியும் நஞ்சும் செய்யாததை ஊசி செய்தது.

இங்ஙனம் ஊசியும் சத்திரசிகிச்சையும் நோயையும் பெருக்கத்தையும் அடக்கும். எனினும் படலைக்கு வெளியே விடப்பட்ட நாய்க்கு அவை வீடு தாரா. அதற்கு விடை காப்பகம் என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம். காப்பகத்தின் எல்லை யாது என்பதை அண்டை நாட்டு வழக்கொன்று தெளிவாக்கிற்று. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், தில்லி நகரத்துத் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அத்துணை நாய்களுக்கு இடமும் உணவும் மருத்துவரும் எங்கே என்னும் கேள்வி எழுந்தது. பதினொரு நாட்களின் பின், மூன்று நீதியரசர் கொண்ட அமர்வு அவ்வாணையைத் திருத்தியது. விசர்கொண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, ஏனையவற்றை ஊசி ஏற்றிக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுக என்றது. அத்துடன், நாயன்பர் விரும்பின் மாநகராட்சிக்கு விண்ணப்பித்து நாய்களை ஏற்றுக்கொள்ளலாம் என்றும், அங்ஙனம் ஏற்ற நாய் மீண்டும் தெருவுக்கு வாராமற் காப்பது ஏற்றவரின் பொறுப்பு என்றும் கூறியது. அவ்வாணையிலே என் உள்ளத்தைத் தொட்டது இப்பகுதியே. அன்பு செலுத்துவோரை நோக்கி, அன்புக்கு ஒரு கணக்குண்டு என்று நீதிமன்றம் சொல்லிற்று.

நம் நாட்டிலும் காப்பகங்களும் தொண்டர்களும் இல்லாமல் இல்லை. ஒட்டாரா குணவர்த்தன 2007இல் தொடங்கிய எம்பார்க் இயக்கம் தெரு நாய்களுக்கு வீடு தேடித் தருவதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. வடக்கிலே இயக்கச்சியில், ஆறு. திருமுருகன் அவர்களைத் தலைவராகக் கொண்ட சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனச் சரணாலயம் ஒன்றை அமைத்தது. சைவ அறநிலையம் ஒன்று வைரவப் பெருமானின் வாகனத்துக்கு நிழல் கொடுத்தது பாராட்டத்தக்கதே. ஆயினும் காப்பகம் என்பது ஓடத்துறை போன்றது. வந்தவர் அக்கரை சேர்தல் வேண்டும். சேராது துறையிலேயே தங்குவாராயின், பின்வருவோர்க்கு நிற்க இடமிராது.

இவ்வுண்மையை யான் பட்டறிந்தே உணர்ந்தேன். படலையடி நாய்க்குச் சொறி பற்றிப் பின்னங்காலிற் புண்ணும் கண்டது. நகருக்கு வெளியேயுள்ள காப்பகம் ஒன்றுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். பேசிய அம்மையார் பொறுமையாகக் கேட்டபின், "ஐயா, ஒரு நாய் வெளியே போனாற்றான் ஒரு நாய் உள்ளே வர இடமுண்டு" என்றார். அச்சொல் என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. யான் செய்ய முயன்றது யாது? என் இரக்கத்தின் பாரத்தை மற்றொருவர் வாயிலில் இறக்கிவைக்கவே முயன்றேன்.

உறங்காமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் இரவோடிரவாகப் புறப்பட்டபோது, யானும் பெற்றோருடன் மழையிலே நடந்தேன். எங்கள் வீரன் செம்மணி வெளிவரை பின்னே வந்தான். சனநெருக்கத்தில் ஓரிடத்தில் அவனைக் காணவில்லை. திரும்பிச் சென்று தேடும் நிலை இல்லை. அடுத்த ஆண்டு ஊர் மீண்டபோது வீடு இருந்தது, அவன் இல்லை. அன்று நாம் கைவிட்டது வேறு வழியின்மையால். அதனை எவரும் குற்றம் என்னார். வழியிருக்கவும் கைவிடுதலோ வேறு. விசா விண்ணப்பம் எழுதத் தொடங்கிய நாளிலேயே நாய்க்கு வேறு வீடு தேடத் தொடங்கலாம் அன்றோ? உடன் கொண்டு செல்வதாயின், இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கு இரத்தப் பரிசோதனையும் மாதக்கணக்கான காத்திருப்பும் வேண்டும் என்பதை முன்னரே கேட்டறியலாம் அன்றோ? ஒரே இரவில் வீடிழந்து நடந்த வேதனையை அறிந்த சமூகம், அவ்வேதனையை மற்றோர் உயிர்க்குத் தன் கையால் இழைத்தல் ஆகாது.

இறுதியில் என் மனையாளுடன் அக்காப்பகம் சென்றேன். அங்கே வருவோர் பெரும்பாலும் குருளைகளையே நாடுகின்றனர். ஆண் குருளையாயின் மேலும் விருப்பம். பணமுள்ளோர் சாதி நாயைப் பல்லாயிரம் கொடுத்து வாங்குகின்றனர். வயது சென்ற பெண்நாயைக் கேட்பார் இல்லை. நாங்கள் நான்கு வயதுப் பெண்நாய் ஒன்றைக் கேட்டோம். படிவம் நிரப்பச் செய்தார்கள். வாடகை வீடாதலின் வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்திற் கேட்டார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்து மதிலின் உயரத்தையும் பார்த்தார்கள். பெண் கொடுப்பவரும் இவ்வளவு விசாரியார் என்று என் மனையாள் நகைத்தாள். விசாரித்தல் நன்றே என்பது பின்னரே விளங்கிற்று. அது வந்த மூன்று நாளும் மேசையின் கீழே ஒடுங்கிக் கிடந்தது. மூன்றாம் வாரம் என் செருப்பொன்றைக் கடித்தெறிந்தது. மூன்று மாதம் சென்றபின்னரே படலைச் சத்தம் கேட்டு வாலாட்டத் தொடங்கிற்று. வீடு மாறிய நாய் அச்சம் தெளிய மூன்று நாள், பழக மூன்று வாரம், தன் வீடென்று நம்ப மூன்று மாதம் என ஒரு கணக்கு வழங்குகின்றது. பலர் மூன்றாம் நாளிலேயே நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர் என்று காப்பகத்தார் வருந்திக் கூறினர்.

ஆதலின் எல்லாரும் நாய் வளர்க்க வேண்டும் என்பது என் கட்சியன்று. நாய் பத்துப் பதினைந்து ஆண்டு வாழும். ஆண்டுதோறும் தடுப்பூசி, நாள்தோறும் உணவும் நடையும், நோயுற்றால் மிருக வைத்தியர் செலவு என்பவற்றை முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். தொடர்மாடிகள் பலவற்றில் நாய் வளர்க்கலாகாது என விதியும் உண்டு. இயலாதவர், இயலாது என்று முதலிலேயே சொல்லிவிடுதல் அறம். இயன்றவரோ, விலைக்கு வாங்குமுன் காப்பகத்தை ஒருமுறை சென்று பார்த்தல் அறம்.

சிலப்பதிகாரத்து மாதரியை எண்ணிப் பார்க்கின்றேன். கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் ஒப்படைத்ததைக் கூறும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். ஆய்மகளாகிய அவள் கண்ணகிக்காக இரங்கியதோடு நில்லாது, அவளைத் தன் பொறுப்பாக ஏற்றாள். அப்பொறுப்புத் தவறியது என அறிந்தபோது தீப்புகுந்தாள் என்பது காவியம். அத்துணை பெரிய தியாகத்தை எவரும் நம்மிடம் கேட்கவில்லை. இரக்கம் வழியிலே நின்று பார்க்கும். அடைக்கலமோ கதவைத் திறந்து உள்ளே அழைக்கும், பின் அக்கதவைச் சாத்தாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தாற் போதும்.

எங்கள் நாய் காப்பகத்தை விட்டு வந்த மறுநாள், படலையடி நாய் அவ்விடத்திற் சேர்ந்தது. சொறி மாறியது, புண்ணும் ஆறியது. வயது ஆறிருக்கும் என்கின்றனர். கபில நிறம், அமைதியான குணம். சென்ற மாதம் பார்க்கச் சென்றபோதும், வாயிலில் வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது எழுந்து நின்று பார்த்தது. அதனைக் கேட்டு இதுவரை எவரும் வரவில்லை.