செங்கல்பட்டு மாவட்டப் பெருங்கற்கால இடங்களைக் காக்கவும், மக்கள் சென்று காண வழி செய்யவும் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
(இம்மாவட்டத்தின் ஆசிரியர்கள், சுற்றுலா வழிகாட்டிகள், தொல்லியல் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம்)

பெறுநர்:
1. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், செங்கல்பட்டு.
2. கண்காணிப்புத் தொல்லியலாளர் அவர்கள், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை, சென்னை வட்டம்.
3. ஆணையர் அவர்கள், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, சென்னை.

பொருள்: கல்வட்டங்கள், ஈமக்காடுகள், பழங்குடியிருப்பு மேடுகள் – வருவாய்ப் பதிவேடுகளில் குறித்தல், பாதுகாத்தல், பார்வையாளர் வசதி செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மாமல்லபுரம் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2021–22-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளில், தாஜ்மகாலைப் பார்த்தவர்களைவிட மாமல்லபுரம் வந்தவர்கள் அதிகம் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரமே சொன்னது. அப்படி வருகிறவர்கள் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, மாலையில் சென்னைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பல்லவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இந்த மண்ணில் இறந்தவர்களுக்குக் கல் நட்டு வட்டம் அமைத்தவர்களின் இடங்கள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கேள்விப்பட்டுத் தேடிப் போகிறவருக்கும் வழி கிடைப்பதில்லை. அந்த வழியைக் கேட்டே இம்மனு.

இம்மாவட்டத்துக்குள் அடங்கும் பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே பல்லாவரத்தில் 1880-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழையை வெளிக்கொண்டுவந்தார். சானூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் என்.ஆர். பானர்ஜியும் கே.வி. சௌந்தரராஜனும் அகழ்ந்து எழுதிய அறிக்கையைத் தென்னிந்தியப் பெருங்கற்காலம் பற்றிப் படிக்கும் எவரும் இன்றும் புரட்டாமல் இருக்க முடியாது. திருப்போரூர் வட்டத்துச் சிறுதாவூரில் கல்வட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே வசவசமுத்திரத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1970-இல் அகழ்ந்தபோது, உறைகிணறுகளோடு ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபின், சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுப் பாறை வெளிப்பட்டு, அதைத் தொடர்ந்து தோண்டியதில் பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் செங்கல்லால் ஆன முருகன் கோயில் தெரிந்தது.

வழக்கமாக அரசிடம் வேலியும் வளைவும் அலங்கார விளக்கும் கேட்பார்கள். நாங்கள் முதலில் கேட்பது பதிவேட்டில் ஒரு வரி.

கல்வட்டங்கள் பெரும்பாலும் குன்றின் அடிவாரத்தில், ஏரிக்கு மேட்டுப்புறத்தில், உழவுக்கு உதவாத சரளை மண்ணில் இருக்கின்றன. நல்ல நஞ்சையை விட்டுவிட்டு, பயிர் ஏறாத நிலத்தை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பின்னாளில் நில அளவைக்கு வந்தவர்கள் கண்ணில் அது வெறும் கல்லாகத்தான் பட்டது. அதனால் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் இத்தகைய நிலங்கள் பல ‘கல்லாங்குத்து’ என்றோ, ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றோ, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றோ நிற்கின்றன. ஆபத்து அங்கேதான். கல்லாங்குத்து என்று எழுதிய இடத்தில் கல் உடைக்க உரிமம் கேட்டால் யாரும் வியப்படைவதில்லை. தரிசு என்று எழுதிய இடத்தில் சரளை அள்ள அனுமதி கேட்டாலும் அப்படித்தான். கோப்பில் ஒரு சட்டமீறலும் இருக்காது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வந்து போனபின் இருபத்தைந்து நூற்றாண்டு காணாமல் போயிருக்கும்.

எனவே வருவாய், நில அளவை, கனிமவளம், இரு தொல்லியல் துறைகள் ஆகியவற்றின் அலுவலர்கள் கொண்ட கூட்டுப் புலத்தணிக்கை ஒன்றை, வட்டம் வட்டமாக, கிராம நிர்வாக அலுவலரையும் ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு நடத்த வேண்டும். எந்தப் புதருக்குள் எந்தக் கல் நிற்கிறது என்பது மேய்ப்பவர்களுக்குத் தெரியும். ஊர்வழக்கில் ‘பாண்டவர் குழி’ என்று கேட்டாலே காட்டிவிடுவார்கள். கண்டறிந்த ஒவ்வோர் இடத்தையும் ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்திலும் புலவரைபடத்திலும் பதிய வேண்டும். அந்த சர்வே எண்ணுக்கு உரிமமோ வீட்டுமனை ஒப்படைப்போ வந்தால் தொல்லியல் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் கோப்பு நகரக் கூடாது. இந்த வேலைக்குத் தேவை ஆணைதான். பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

களத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் பணிவுடன் சொல்லிவிடுகிறோம். சாலையிலிருந்து பார்த்தால் கல்வட்டம் கண்ணுக்குத் தெரியாது. பாதி புதைந்த உருண்டைப் பாறைகள், நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சிறுகற்குவியல், மேலே ஈச்சம்புதர். குனிந்து பார்த்தால் மழை அரித்த இடத்தில் ஓட்டுச்சில் கிடைக்கும்: உள்பக்கம் வழவழவென்று கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. வட்டத்தின் அடியில் முதுமக்கள் தாழி இருக்கலாம்; இல்லையேல், அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்த, மாட்டுத் தொட்டி போல் நீண்ட ஈமப்பேழை இருக்கலாம். உள்ளே எலும்பு, இரும்பு, படையல் கலம். இந்தக் காரணத்தால் சீமைக்கருவேலம் அகற்றும் பணியில் ஒரு தனிக் கட்டுப்பாடு வேண்டும். இத்தகைய இடங்களில் மரத்தைத் தரையோடு ஒட்ட அறுத்து எடுக்க வேண்டுமே தவிர, வேரோடு இயந்திரத்தால் பிடுங்கக் கூடாது. வேரோடு சேர்ந்து தாழியும் வரும். ஊரக வேலைத் திட்டத்தில் புதர் நீக்கச் சொன்னால் அரிவாளோடு நிற்கட்டும், மண்வெட்டி வேண்டாம்.

உடைந்த தாழி உடைந்ததுதான். ஒட்டவைத்தாலும் சான்று திரும்பாது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழியோடு கிடைத்த கரித்துண்டுகளைக் கொண்டுதான் தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் 5,300 ஆண்டுகளுக்கு முன்பு வரை செல்கிறது என்று 2025 ஜனவரியில் மாண்புமிகு முதலமைச்சர் அறிவிக்க முடிந்தது. அந்தக் கரி அசையாமல் இருந்ததால் கிடைத்த காலக்கணிப்பு அது. இம்மாவட்டத்துத் தாழிகளுக்கும் அந்த வாய்ப்பு இருக்கட்டும்.

அடுத்தது, சுற்றிலும் குடியிருப்பவர்கள். தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தப்படி மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. கோயிலுக்கோ கோட்டைக்கோ இது பொருந்தும். எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணுக்கடியில் இருக்கும் ஈமக்காட்டுக்கு எல்லை எங்கே தொடங்குகிறது? அதைத் துல்லியமாக அளந்து கல் நடாதவரை, ஒழுகும் கூரையை மாற்ற அனுமதி கேட்கும் குடும்பம் பல ஆண்டுகள் அலைய வேண்டியிருக்கிறது. பல்லாவரம் போன்ற நெருக்கமான பகுதியில் இது எவ்வளவு கசப்பை வளர்த்திருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அச்சட்டமே ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனிப் பாரம்பரியத் துணைவிதிகள் வகுக்கச் சொல்கிறது. இம்மாவட்டத்தின் பெருங்கற்கால இடங்களுக்கு அவற்றை விரைந்து வகுத்து, கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். பாதுகாப்பு என்றாலே ‘நம் நிலம் போய்விடும்’ என்று அஞ்சும் ஊரில் எந்தக் கல்லும் பிழைக்காது. இரவோடிரவாக அதைப் புரட்டிப் போடுவதுதான் லாபம் என்று ஆகிவிடும்.

பார்வையாளர் விஷயத்துக்கு வருகிறோம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மூலம் சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிற்றுந்து போதும்: ஒரு வாரம் சாளுவன்குப்பம், சிறுதாவூர், மறு வாரம் வசவசமுத்திரம், அருகிலுள்ள வயலூரில் பல்லவ மன்னர் வரிசையைச் சொல்லும் இராசசிம்மன் கல்வெட்டுத் தூண், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை. அந்தந்த ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டி அட்டை வழங்கலாம். வேண்டியது பெயர்ப்பலகை, நடைபாதை, ஊர்ப் பள்ளியருகே ஒரு கழிப்பறை, குடிநீர். கல்வட்டத்துக்குள் சிமென்ட் தளம், வண்ண விளக்கு, செல்ஃபி மேடை எதுவும் தயவுசெய்து வேண்டாம். தென்கொரியாவில் கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா ஆகிய இடங்களின் கற்திட்டைகள் 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் பணிபுரியும் கொரியர்கள் வார இறுதியில் மாமல்லபுரம் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு கல்வட்டத்தைக் காட்டினால் நாம் விளக்க வேண்டியதே குறைவாக இருக்கும்.

கீழடிக்கு 2023-இல் அருங்காட்சியகம் வந்தது. ஆதிச்சநல்லூரில் அதே ஆண்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் மேலிருந்து காணச் செய்தார்கள். அதுபோல் இங்கும் ஒன்று வேண்டும். ஃபூட் சேகரித்த கருவிகளை 1904-இல் வாங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்திடமிருந்து அசலைக் கேட்கவில்லை. நல்ல படிகள் செய்து, செங்கல்பட்டில் மாவட்டத் தொல்லியல் காட்சிக்கூடம் ஒன்று அமைத்துத் தாருங்கள். பல்லாவரத்தில் ஃபூட் பெயரில் ஒரு தகவல் பலகையும், ஆண்டுதோறும் மே 30-இல் பள்ளி மாணவர்களுக்கு ஒரு களப்பயணமும் வேண்டும்.

மேற்கண்டவை மூன்று அலுவலகங்களின் கீழ் வருவதால், தனித்தனியே மனு கொடுத்தால் ஒன்று மற்றொன்றுக்கு அனுப்பிவைக்கும் என்பது அனுபவம். ஆகவே மாவட்ட ஆட்சித் தலைவர் தலைமையில் மூன்று துறைகளும் எங்கள் சங்கப் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை முப்பது நாட்களுக்குள் கூட்டி, புலத்தணிக்கைக்கான முதல் வட்டமாகத் திருப்போரூரை அறிவிக்குமாறு வேண்டுகிறோம். தணிக்கை முடியும்வரை அவ்வட்டத்தில் குன்று அடிவாரப் புறம்போக்குகளில் புதிய கல், சரளை உரிமங்களை நிறுத்திவைக்க இடைக்கால ஆணை பிறப்பிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். களப்பணிக்கு எங்கள் உறுப்பினர்கள் சொந்தச் செலவில் உடன் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் | செயலாளர் | பொருளாளர்

இணைப்பு: உறுப்பினர் கையொப்பப் பட்டியல், களப் புகைப்படங்கள்.