உறையும் எண்ணெயும் உறையாத எண்ணெயும்

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெண்மெழுகாக உறைந்து கிடக்க, அதே அலமாரியில் அதே குளிரைத் தாங்கிய நல்லெண்ணெய் மட்டும் இளக்கம் குறையாமல் நிற்பதைக் காணாத தமிழ்க் குடும்பம் இராது. இந்த வித்தியாசத்தின் ரகசியம் கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. எந்த எண்ணெயும், கிளிசரின் என்னும் ஒரே முளையில் மூன்று அமிலச் சங்கிலிகள் கட்டுண்டு கிடக்கும் வஸ்துவே. கரி அணுக்களால் கோத்த அச்சங்கிலிகள் நேராக இருப்பின் நெருங்கிப் படிந்து எளிதில் உறையும். இடையே இரட்டைப் பிணைப்பு விழுந்து வளைந்திருப்பின் அடுக்க முடியாமல் திரவமாகவே நிற்கும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, 12 கரி அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம் என்னும் நேர்ச் சங்கிலி. நல்லெண்ணெயிலோ வளைந்த ஒலியிக், லினோலியிக் அமிலங்களே மிகுதி.

காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சங்கிலிகள் முளையை விட்டு அவிழ்ந்து சோப்பாகின்றன என்பதைப் பரிசோதித்து 1823-ல் நூலாக வெளியிட்டவர் பிரெஞ்சு ரசாயனி ஷெவ்ரல். (கொழுப்பையே ஆராய்ந்து வந்த அம்மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார்!) அவர் பிரித்தெடுத்த ஸ்டியரிக் அமிலம் புகையும் நாற்றமும் குறைந்த மெழுகுவர்த்தியாகி, இன்று டயரிலும் முகப்பூச்சிலும் கலந்திருக்கிறது.

இத்தனை பிரயோஜனமுள்ள பொருளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் போதனை என்னவோ, புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் பொறித்த 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்னும் வாசகம்தான். கொலஸ்ட்ரால் பிராணிகளின் உடலில் உண்டாவது. தாவர எண்ணெயில் அது பெயரளவுக்குக்கூட இல்லை எனலாம். கத்தரிக்காயில் எலும்பில்லை என்று பறைசாற்றி விற்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருப்பவை எந்த அமிலங்கள் என்பதே. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றி வனஸ்பதியாக்கும்போது, வளைந்த சங்கிலிகளுள் சில நிமிர்ந்து 'டிரான்ஸ்' வடிவம் கொள்கின்றன. இதயத்துக்குக் கேடு என்று நிச்சயமான அவ்வடிவம் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று இந்தியாவில் 2022 முதல் விதி இருக்கிறது. அந்தக் கணக்கும், நேர்ச் சங்கிலிகளாலான நிறைவுற்ற கொழுப்பின் அளவும் அச்சாகத்தான் செய்கின்றன; ஆனால் எங்கே? புட்டியின் பின்புறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற ஆங்கில எழுத்தில். முகப்பில் சிவப்பு இதயத்தின் படத்துக்கு இடம் இருக்கும்போது, அமிலங்களின் விகிதத்தைத் தமிழில் நாலு வரி போடுவதற்கும் இடம் ஒதுக்கும்படி அரசு கட்டளையிடட்டும்.