மேலே ஏறும் வழியை அடைக்காதீர்கள்

தேசிய லீக்கில் ஏற்றமும் இறக்கமும் வேண்டாம், பணம் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். இந்தியக் கால்பந்தே 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்த பிறகுதான் விழித்ததாம். 1996-இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக், 2007-இல் அதன் இடத்துக்கு வந்த ஐ-லீக் எல்லாம் கணக்கிலேயே இல்லையா?

சென்னை சிட்டி அணியைப் பாருங்கள். 2018-19-இல் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் கோப்பையை வென்றது. ஆனால் ஐ.எஸ்.எல்.-க்குள் நுழைய அந்தக் கோப்பை போதவில்லை. அதே அணியில் ஆடிய நம் கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜை மட்டும் 2018-இல் ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் எடுத்துக்கொண்டது. ஆட்டக்காரருக்கு வழி திறந்தது, அணிக்கு அடைத்தது. இதுவா வளர்ச்சி?

குளச்சல் கடற்கரையில் வள்ளங்களுக்கு நடுவே, கணுக்கால் புதையும் மணலில் வெறுங்காலோடு பந்து விரட்டும் பையன்களின் ஊர் அணி, வென்று வென்று மேலே போக முடிய வேண்டும். 2023-இல் பஞ்சாப் எஃப்.சி. ஐ-லீக்கை வென்று அப்படித்தான் ஐ.எஸ்.எல்.-க்கு ஏறியது. தோற்றவர்கள் கீழே இறங்கும் விதியும் உடனே வரட்டும்.