நாள்பட்ட நோயாளிகளின் உடல்நலக் கருவிகளுக்கு வரி நிவாரணம் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், செயற்குழுவினர்,
நாள்பட்ட நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் இணைந்த சங்கம்,
சென்னை.

பெறுநர்
1. மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் மற்றும் ஜிஎஸ்டி மன்றத் தலைவர் அவர்கள், புது தில்லி.
2. தலைவர் அவர்கள், மத்திய நேரடி வரிகள் வாரியம், புது தில்லி.
3. மாண்புமிகு தமிழ்நாடு நிதி அமைச்சர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை.

நாள்: டிசம்பர் 2025

பொருள்: நாள்பட்ட நோயாளிகள் வீட்டில் பயன்படுத்தும் மருத்துவக் கருவிகள், துணைப் பொருள்கள், அவற்றின் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி விலக்கும் வருமான வரிக் கழிவும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

சிறுநீரகம் செயலிழந்தவர்கள், சிஓபிடி நுரையீரல் நோயாளிகள், தலசீமியா பிள்ளைகளின் பெற்றோர், பார்க்கின்சன் நோயாளிகள், பள்ளிப் பருவத்திலேயே இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டவர்கள், குடல் அறுவைக்குப் பின் ஸ்டோமா பையோடு வாழ்பவர்கள், இவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோர் எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து, குணமாகி, வீடு திரும்பி மறந்துவிடும் நோய்கள் இல்லை இவை. மருந்துக்கு ஆகும் செலவு ஒரு பக்கம் இருக்க, கருவிகளுக்கும் அவற்றுக்காக மாதந்தோறும் வாங்க வேண்டிய பொருள்களுக்கும் ஆகும் செலவு ஆயுள் முழுவதும் நீடிக்கிறது. அந்தச் செலவில் அரசு எடுக்கும் வரியைப் பற்றியும், திருப்பித் தருவதாகச் சொல்லும் வரியைப் பற்றியும் சில உண்மைகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மனு.

முதலில் நன்றி. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் 56ஆவது கூட்டம் எடுத்த முடிவால், செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் அதன் டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மருத்துவ ஆக்சிஜன், பெரியவர்களுக்கான டயப்பர் ஆகியவையும் 12-லிருந்து 5-க்கு வந்தன. தெர்மாமீட்டர் 18-லிருந்து 5-க்கு வந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வரியே நீங்கியது. படுத்த படுக்கையாக இருக்கும் தாயாருக்கு நாளுக்கு மூன்று நான்கு டயப்பர் மாற்றும் குடும்பத்துக்கு இந்தக் குறைப்பின் அருமை தெரியும். ஆனால் கருவி ஓடத் தேவையான மற்றவற்றுக்கு இந்த 5 சதவீதம் வரவில்லை.

வீட்டில் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். நீண்டகால ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளி நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியான கான்சன்ட்ரேட்டரை ஓட்ட வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது விதி. 5 லிட்டர் கருவி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் எடுக்கும். அதற்கு மட்டும் மாதம் சுமார் 150 யூனிட் ஆகிவிடும். கரண்ட் போனால் மூச்சும் நின்றுவிடக்கூடும் என்பதால் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கியே தீர வேண்டும். பேட்டரிக்கான வரி செப்டம்பரில் 28-லிருந்து 18-க்கு இறங்கியது, அதற்கு நன்றி. ஆனாலும் மளிகைக் கடைக்காரர் விளக்கெரிக்க வாங்கும் பேட்டரிக்கும் எங்கள் உறுப்பினர் மூச்சு விட வாங்கும் பேட்டரிக்கும் ஒரே 18 சதவீதம்தான். கருவி பழுதாகிச் சர்வீஸ் செய்தால் கூலிக்கு 18 சதவீதம். வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டாலும் அதே 18. புதிதாக வாங்குபவருக்குக் குறைந்த வரி, பழையதைச் சரிசெய்து ஓட்டுபவருக்குக் கூடுதல் வரி என்ற ஏற்பாடு யாருக்கு நன்மை தருகிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த நோயாளி வருமான வரிச் சட்டத்தில் ஆறுதல் தேடினால் அங்கும் கதவு அடைத்திருக்கிறது. 80டிடிபி பிரிவின் கீழ் கழிவு பெறத்தக்க நோய்களை விதி 11டிடி பட்டியலிடுகிறது. புற்றுநோய், முற்றிய நிலை எய்ட்ஸ், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் உள்ளிட்ட சில நரம்பு நோய்கள் ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. சிஓபிடி அதில் இல்லை. இன்சுலின் இன்றி உயிர்வாழ முடியாத டைப்-1 சர்க்கரை நோய் இல்லை. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் இல்லை. அரிவாள் செல் நோயும் இல்லை. 2023 ஜூலை 1 அன்று பிரதமர் அவர்களே அதை ஒழிக்கத் தேசிய இயக்கம் தொடங்கி வைத்திருக்க, அரசின் வரி விதிக்கு மட்டும் அப்படியொரு நோய் தெரியாது.

பட்டியலில் உள்ளவர்களின் நிலையும் அவ்வளவு சுகமில்லை. நரம்பு நோய் என்றால் 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். பார்க்கின்சன் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் மாத்திரையின் துணையோடு நடமாடிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சதவீதம் வராது. மருந்துச் செலவு மட்டும் முதல் நாளிலிருந்தே வரும்.

சிறுநீரக நோயாளியின் சிக்கல் வேறு. வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர் நாளுக்கு மூன்று நான்கு முறை, பெரும்பாலும் 2 லிட்டர் கொண்ட சிஏபிடி பையை மாற்ற வேண்டும். மாதத்துக்கு நூறு பை. வீட்டின் ஒரு சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பையை மாட்டும் ஸ்டாண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதிய மூடி, முகக்கவசம், நாள்தோறும் எடை பார்க்கும் தராசு, பிபி பார்க்கும் கருவி எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சிகிச்சை. சட்டமோ 'மருத்துவச் சிகிச்சைக்கான செலவு' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தராசும் ஸ்டாண்டும் அதில் அடங்குமா என்று ஒரு ஆடிட்டரைக் கேட்டால் அடங்கும் என்கிறார், இன்னொருவர் நோட்டீஸ் வரும் என்கிறார். நோயாளிகள் பயந்துகொண்டு, எழுதக்கூடியதையும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி தொகை. 80டிடிபியில் அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு உச்ச வரம்பு ரூ. 40,000. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொகைதான். மூத்த குடிமக்களுக்கு 2018-இல் ஒரு லட்சமாக உயர்த்தினீர்கள், அது நியாயம். ஆனால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றி, உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் அதைச் செலுத்தும் சிறு பம்பும் வாங்கித் தர வேண்டிய தலசீமியா குழந்தைக்கு இன்னமும் ரூ. 40,000தான். குழந்தையின் நோய் மலிவானது என்று யார் கணக்குப் போட்டார்கள்? 20 சதவீத வரி வரம்பில் உள்ள தகப்பனாருக்கு அந்த முழுக் கழிவும் கிடைத்தாலும், செஸ் சேர்த்து மிச்சமாவது ஆண்டுக்கு ரூ. 8,320.

அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறையே இயல்பான முறை. அதில் மருத்துவக் காப்பீடு, சிகிச்சை, குறைபாடு தொடர்பான 80டி, 80டிடி, 80டிடிபி, 80யூ கழிவுகள் எதுவும் செல்லாது. ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரியே இல்லையே என்று தாங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் 14 லட்சம் சம்பளம் வாங்கி, நோயுற்ற பிள்ளைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கைச் செலவிடும் தகப்பனாரும், அதே 14 லட்சத்தை ஆரோக்கியமான குடும்பத்தோடு அனுபவிக்கும் அவருடைய சக ஊழியரும் புதிய முறையில் ஒரே வரி கட்டுகிறார்கள். புதிய முறை எந்த விதிவிலக்கையும் ஏற்காது என்ற வாதமும் நிற்காது. பார்வை, செவி, கைகால் குறைபாடுள்ள ஊழியரின் மாதம் ரூ. 3,200 போக்குவரத்துப் படிக்கு அதிலும் விலக்கு இருக்கிறது. மனம் வைத்த இடத்தில் வழி கிடைத்திருக்கிறது.

எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வருமான வரி கட்டும் நிலையில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆட்டோ ஓட்டுபவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் 80டிடிபி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவர்கள் வரி கட்டும் இடம் மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர். ஸ்ட்ரிப் டப்பா வாங்கிய பில்லின் அடியில் மத்திய ஜிஎஸ்டி 2.5, மாநில ஜிஎஸ்டி 2.5 என்று இரண்டு வரி அச்சாகி வருகிறதே, அதுதான் அவர்கள் அறிந்த வரி. ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை ஜிஎஸ்டி பற்றியது. வருமான வரி அடுத்ததுதான்.

பிரிட்டனில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. அங்கு 1994 ஆம் ஆண்டு வாட் சட்டத்தின் எட்டாவது அட்டவணைப்படி, குறைபாடுள்ளவர்கள் மட்டுமின்றி நீண்டகால நோயுள்ளவர்களும் தங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் குறிப்பிட்ட கருவிகளுக்கு வாட் சுழியம். சர்க்கரை நோயும் அந்த நீண்டகால நோய்க் கணக்கில் சேரும். நோயாளி தன் நோயைக் குறித்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தால் போதும். கடைக்காரர் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு வரியில்லாமல் பில் போடுகிறார். பழுதுபார்ப்புக்கும் உதிரி பாகத்துக்கும் அதே சலுகை உண்டு. ஆளைப் பார்த்து வரி குறைப்பது நமக்கும் புதிதில்லை. கைகால் குறைபாடுள்ளவர் கார் வாங்க, கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றைக் காட்டிக் குறைந்த ஜிஎஸ்டி செலுத்தும் ஏற்பாடு இங்கேயே நடப்பில் இருந்தது. காருக்குச் செய்ய முடிந்ததை நெபுலைசருக்குச் செய்ய முடியாதா?

எனவே, நாள்பட்ட நோயாளி என்று பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் சான்றளித்தவர் வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் ஆக்சிஜன் கருவி, சிபாப் சுவாசக் கருவி, நெபுலைசர், குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், தொடர் சர்க்கரை அளவி, இன்சுலின் பம்ப், சிஏபிடி பொருள்கள், ஸ்டோமா பை, டயப்பர், காற்று மெத்தை ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டியை முற்றிலும் நீக்கக் கோருகிறோம். உயிர்காக்கும் கருவிக்காக அதே சான்றின் பேரில் வாங்கும் இன்வெர்ட்டர், பேட்டரி ஆகியவற்றுக்கும், கருவிகளின் பழுதுபார்ப்புக்கும் வரி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெறுமனே 'விலக்கு' என்று அறிவித்தால் தயாரிப்பாளருக்கு உள்ளீட்டு வரிக் கடன் போய்விடும். அந்தச் சுமையை அவர் விலையில் ஏற்றிவிடுவார், எங்களுக்குக் கிடைத்தது காகிதத்தில் மட்டும் நிற்கும். கடனைத் திரும்பப் பெறும் வழியோடு சேர்த்தே விலக்கு வர வேண்டும்.

தற்காலிக நிவாரணம் எங்களுக்கு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில், 2021 ஜூனில், கான்சன்ட்ரேட்டருக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். செப்டம்பர் 30-ஓடு அது முடிந்தது. அதே ஆண்டு மே 21 அன்று, 85 வயது நோயாளி ஒருவர் தொடுத்த வழக்கில், சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் கான்சன்ட்ரேட்டருக்கு ஐஜிஎஸ்டி விதிப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது; ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. மூச்சுத் திணறுபவர் கோர்ட்டு ஏறி இறங்க முடியாது. சட்டத்திலேயே இது இருக்க வேண்டும்.

மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு எங்கள் விண்ணப்பம்: 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. மக்கள் வாயில் பழகியவை என்பதால் இந்த மனுவில் பழைய எண்களையே எழுதியிருக்கிறோம். புதிய சட்டத்துக்கான விதிகளில் நோய்ப் பட்டியலை விரிவாக்குங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த கருவி, அதன் வாடகை, பராமரிப்பு, துணைப் பொருள் அனைத்தும் சிகிச்சைச் செலவே என்று விளக்கச் சுற்றறிக்கை வெளியிடுங்கள். 40,000 ரூபாய் வரம்பை வயது பாராமல் ஒரு லட்சமாக்குங்கள். 80டிடி, 80யூ பிரிவுகள் 1995 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைச் சுட்டி எழுதப்பட்டவை. அந்தச் சட்டம் நீங்கி, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டையில் 40 சதவீதம் இருந்தால், 21-இல் எந்த வகையானாலும் கழிவு உண்டு என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் விதியில் எழுதப்பட வேண்டும். இந்தக் கழிவுகளைப் புதிய வரி முறையிலும் அனுமதிப்பது வரும் நிதிநிலை அறிக்கையில் மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் அவர்கள் செய்ய வேண்டியது.

தமிழ்நாடு நிதி அமைச்சர் அவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளை வீடு வீடாகப் பதிவு செய்திருக்கிறது. சிஏபிடி பைகளையும் வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறது. நோயாளி யார் என்ற சான்றுக்கு இதைவிட நல்ல பதிவேடு வேறில்லை. சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சினால், இந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டுங்கள். ஜிஎஸ்டி மன்றத்தின் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே இந்தப் பொருளைத் தமிழ்நாட்டின் சார்பில் முன்வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மன்றத்தின் பரிசீலனைக்கு உதவியாக, எங்கள் உறுப்பினர்கள் தாங்களாக முன்வந்து கொடுத்த வாங்கல் ரசீதுகளின் நகல்களைப் பெயர், முகவரி மறைத்து இத்துடன் இணைத்திருக்கிறோம். நேரில் விளக்கம் தேவைப்பட்டால், அழைக்கும் நாளில் வரத் தயாராக இருக்கிறோம். வருபவர்களில் சிலருக்குச் சக்கர நாற்காலியும் ஆக்சிஜன் கருவிக்கு ஒரு மின் இணைப்பு உள்ள இடமும் தேவைப்படும். மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர்
(சங்கச் செயற்குழுவின் சார்பாக)

நகல்: தமிழ்நாட்டைச் சேர்ந்த மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் அனைவருக்கும், நாடாளுமன்றத்தில் இதுகுறித்துக் கேள்வி எழுப்பும் வேண்டுகோளுடன்.