மலிவுத் துப்பாக்கியும் மெலிந்த நீதியும்

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே சிறு பலசரக்குக் கடையொன்றை நடத்திவரும் உறவினர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டி, அன்றைய வசூலைப் பையிலிட்டு, வாகனம் நிறுத்திய இடம் வரை இருளிலே தனியே நடக்கவேண்டியவர் அவர். சட்டைக்குள் மறைத்துக் கொண்டு செல்லத்தக்க கைத்துப்பாக்கி ஒன்றை முந்நூறு டொலருக்குள் வாங்க எண்ணியிருந்தார். “அண்ணை, நீங்கள் சட்டம் படித்த ஆள். மலிவானதை வாங்கினால் மோசம் போவேனோ?” என்பதே அவருடைய கேள்வி.

துவக்கின் நுணுக்கம் அறிந்தவனல்லன் நான். ஆயினும் அவருக்கு மறுமொழி கூறவேண்டுமே என்று நூல்களையும் தீர்ப்புகளையும் புரட்டத் தொடங்கியபோது, ‘மலிவு’ என்ற அந்த ஒரு சொல்லின் பின்னால் நூற்றைம்பது ஆண்டு அநீதி ஒன்று மறைந்து நிற்கக் கண்டேன். கச்சேரி வாசலிலே பத்திரத்துக்காகக் காத்து நின்ற அனுபவமுள்ள எம் வாசகர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது. பன்றியிடமிருந்து வயலைக் காக்க வேட்டைத் துவக்கு ஒன்றுக்கு 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி விண்ணப்பித்த வன்னிக் கமக்காரனுக்கு, ‘அதிகாரியின் தற்றுணிபு’ என்றால் என்னவென்று எந்தச் சட்டத்தரணியும் விளக்கவேண்டியதில்லை.

ஆயுதம் தாங்கும் உரிமையை 1791 இலேயே அரசியலமைப்பில் எழுதிவைத்த நாடு அமெரிக்கா. யாருடைய உரிமை அது? 1857 இல் டிரெட் ஸ்கொட் வழக்கிலே பிரதம நீதியரசர் ரோனி இதற்கு ஒளிவுமறைவின்றி விடை தந்தார். கறுப்பின மக்களைக் குடிகள் என ஏற்றுக்கொண்டால் அவர்கள் விரும்பிய இடமெல்லாம் ஆயுதத்தோடு செல்லும் உரிமையும் பெற்றுவிடுவார்களே என்ற அச்சத்தை, அவர்களுக்குக் குடியுரிமை மறுப்பதற்குரிய காரணங்களுள் ஒன்றாகவே அவர் எழுதினார். அடிமைத்தளை அறுந்த 1865 ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் எவரும் மாவட்டச் சபையின் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது எனச் சட்டம் இயற்றிற்று. பத்திரம் வழங்குவோர் யார்? நேற்று வரை எசமானர்களாயிருந்தவர்கள்!

1868 இல் வந்த பதினான்காவது திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எல்லோருக்கும் உறுதி செய்தது. இனி நிறத்தின் பெயரைச் சொல்லிச் சட்டம் எழுத இயலாது. எனவே வேறொன்றின் பெயரைச் சொன்னார்கள். 1879 இல் ரெனசி மாநிலமும் 1881 இல் ஆர்க்கன்சோ மாநிலமும், தரைப்படையும் கடற்படையும் உபயோகிக்கும் பெரிய சுழல்துப்பாக்கிகள் தவிர்ந்த ஏனைய சிறு கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடைசெய்தன. சட்ட வாசகத்திலே நிறத்தைப் பற்றி ஓர் எழுத்தும் கிடையாது. போர்ப்படைக்கு உதவும் ஆயுதமே அரசியலமைப்பின் காப்புக்கு உரியது என்ற நியாயமும் கூறப்பட்டது. நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆனால் படைத்துப்பாக்கி விலை கூடியது. உள்நாட்டுப் போர் முடிந்து திரும்பிய வெள்ளையர் பலரிடம் அது ஏற்கெனவே இருந்தது. சட்டைப்பையில் அடங்கும் மலிவான சிறு துப்பாக்கியே ஏழைக்கு எட்டிய ஆயுதம். அந்நாளிலே தென் மாநிலங்களில் ஏழை என்றால் பெரும்பாலும் எந்த நிறத்தவர் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இது என் ஊகமென்று எவரும் தள்ளிவிடலாகாது. புளோரிடா மாநிலத்தில் 1893 இல் இயற்றப்பட்ட ஒத்த சட்டமொன்று 1941 இல் அம்மாநில உயர்நீதிமன்றத்தின் முன் வந்தபோது நீதியரசர் ஒருவர் உண்மையைத் தீர்ப்பிலேயே போட்டுடைத்தார். அச்சட்டம் கறுப்பினத் தொழிலாளரை நிராயுதபாணிகளாக்கவே பிறந்தது என்றும், வெள்ளையருக்கு எதிராக அதனைப் பிரயோகிக்கும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லை என்றும் அவர் எழுதிவைத்தார். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக எல்லோரும் அறிந்து, எவரும் சொல்லாதிருந்த விஷயம் அது. அதன் பின்பும் என்ன நடந்தது? 1956 ஜனவரியில் அலபாமாவின் மொன்ற்கொமறி நகரிலே மார்ட்டின் லூதர் கிங்கின் இல்லத்தின் மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளேயிருந்தனர். மறைத்துத் துப்பாக்கி கொண்டுசெல்ல அவர் அனுமதி கோரினார். மறுக்கப்பட்டது! அவருக்கே ‘தக்க காரணம்’ இல்லையென்றால் வேறு யாருக்கு அக்காரணம் உண்டு?

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மாதங்களில் செனட்டர் றொபேட் கென்னடியும் மலிவான சிறு சுழல்துப்பாக்கி ஒன்றுக்கு இரையானார். அந்தத் துயரத்திலே பிறந்தது 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். ‘சனி இரவுத் துப்பாக்கி’ என்று இகழ்ச்சியாக அழைக்கப்பட்ட சிறு மலிவு ஆயுதங்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய அது தடை விதித்தது. உள்நாட்டில் செய்வதற்குத் தடையில்லை. கென்னடியைக் கொன்ற துப்பாக்கியோ அமெரிக்காவிலேயே செய்யப்பட்டது! விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. லொஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழவுள்ள பகுதியில் நாக உலோகக் கலவையை வார்த்து மலிவுத் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலைகள் 1970 முதல் முளைத்தெழுந்தன.

அங்கே செய்யப்பட்ட ஒன்றின் கதையை மட்டும் சொல்லுகிறேன். அதிலிருந்து குண்டை வெளியே எடுக்கவேண்டுமானால் முதலில் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாகவேண்டும். அதன் அமைப்பு அப்படி. 1994 இல் கலிபோர்ணியாவிலே அவ்வாறு குண்டை அகற்ற முனைந்தபோது அது வெடித்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனான். 2003 இல் யூரிமார் கம்பனியைப் பொறுப்பாளியாகக் கண்டனர். கம்பனி வங்குரோத்து ஆயிற்று. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சாலை உடைமைகள் விலைக்கு வந்தபோது, அவற்றை வாங்கி அழித்துவிட வேண்டுமென்று அந்தச் சிறுவனே பணம் திரட்டிக் கேள்வி கேட்டான். அவனை விட உயர்ந்த விலை கேட்டவர் பழைய மேற்பார்வையாளர். உற்பத்தி வேறொரு பெயரில் தொடர்ந்தது.

அப்படியானால் மலிவே குற்றமென்று ஆகுமல்லவா என்று வாசகர் கேட்கலாம். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். சிக் சோவர் கம்பனியின் ‘பி 320’ என்ற கைத்துப்பாக்கி மலிவானதன்று. அதன் ஒரு வடிவத்தை 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவமே தெரிந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், சந்தையில் விற்ற துப்பாக்கி ஒரு குறித்த கோணத்தில் நிலத்தில் விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் எனச் சோதனைகளில் வெளிப்பட்டு, கம்பனி இலவசமாகத் திருத்திக் கொடுக்க முன்வந்தது. குற்றம் அமைப்பிலே இருக்கிறது. விலைச் சீட்டிலே இல்லை. அமைப்பைச் சோதிக்கவேண்டிய சட்டமோ கண்ணை மூடிக்கொண்டது. 1972 இல் நுகர்பொருட் பாதுகாப்புக்கென ஆணைக்குழு ஒன்றை அமைத்த அமெரிக்கக் கொங்கிரஸ், துப்பாக்கிகளை அதன் அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்தது. பாண் வாட்டும் கருவியையும் பிள்ளைகளின் விளையாட்டுத் துப்பாக்கியையும் அந்த ஆணைக்குழு பரிசோதிக்கலாம். மெய்யான துப்பாக்கியைத் தீண்டலாகாது! விழுத்திப் பார்த்தும் தொடர்ந்து சுட்டுப் பார்த்தும் தேறாத கைத்துப்பாக்கியை விற்கலாகாதென்று 1999 இல் கலிபோர்ணியா இயற்றிய சட்டமே நேர்மையான வழியின் தொடக்கம். அது பணப்பையைப் பார்த்துப் பேசவில்லை. பொருளைப் பார்த்துப் பேசிற்று.

நியூ யோர்க் மாநிலமோ வேறு வழி சென்றது. 1911 ஆம் ஆண்டிலிருந்தே அங்கே கைத்துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் அவசியம். அதனை வெளியே மறைத்துக் கொண்டுசெல்ல விரும்புவோர், மற்றவர்களுக்கில்லாத ‘தக்க காரணம்’ தமக்குண்டு என்று அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும் என்றும் சட்டம் வந்தது. 2022 ஜூன் 23 இல் உயர்நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் அதனை வீழ்த்திற்று. தீர்ப்பை எழுதியவர் கறுப்பினத்தவரான நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ். என் கருத்தைக் கவர்ந்தது தீர்ப்பன்று. வழமையாகத் துப்பாக்கிக் கட்சியினரோடு சேராத ஏழைகளின் சட்டத்தரணிகள், குறிப்பாக பிறொங்ஸ் பகுதியில் குற்றஞ்சாட்டப்பட்ட வறியோருக்காக வாதாடுவோர், இவ்வழக்கிலே அச்சட்டத்துக்கு எதிராக மனுச் செய்தனர். பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறை செல்லும் தம் கட்சிக்காரர் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவரும் இஸ்பானிய வம்சத்தவருமே என்று அவர்கள் முறையிட்டனர்.

தற்றுணிபு போயிற்று, பணப்பை நின்றது. தீர்ப்பு வந்த காலத்தில் நியூ யோர்க் நகரிலே விண்ணப்பக் கட்டணம் மட்டும் 340 டொலர். தீர்ப்பின் பின் அம்மாநிலம் பதினாறு மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரச் சூட்டுப் பயிற்சியும் கட்டாயமாக்கிற்று. பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் செலவை ஏழையின் தலையில் ஏற்றுவது ஏன்? மணித்தியாலத்துக்கு ஏழேகால் டொலர் என்ற சமஷ்டிக் குறைந்த கூலி 2009 முதல் அசையவில்லை. அக்கூலிக்காரன் முந்நூறு டொலர்த் துப்பாக்கிக்கு நாற்பத்தொரு மணி நேரத்துக்கு மேல் உழைக்கவேண்டும். குண்டும் உறையும் பூட்டும் வேறு. ஆபத்தானவனை விலக்கு, அவன் நடத்தையைப் பார்த்து விலக்கு. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடைக்கட்டளைக்கு உள்ளானவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிப்பது செல்லும் என்று 2024 இல் அதே உயர்நீதிமன்றம் எட்டுக்கு ஒன்றாகத் தீர்ப்பளித்தது. அது நியாயம். வறியவனை விலக்குவது நியாயமன்று.

இவ்வளவும் எழுதுவதால் கைத்துப்பாக்கியின் புகழ் பாடுபவனென்று என்னை எண்ணவேண்டாம். 2021 இல் அந்நாட்டிலே துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கள்வனுக்கென்று வாங்கிய ஆயுதம் வீட்டாரையே கொண்டுபோகிறது.

ஆகவே உறவினருக்கு நான் சொன்னது இது. “தம்பி, முதலில் பணத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டு. இரவு வெளிக்கிடும்போது வேலையாளையும் கூட்டிக்கொண்டு போ. அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டுமென்றால், பெயர் தெரியாத புதியதை விட, பொலிசார் பாவித்து மாற்றிக் கொடுத்த, பெயர்பெற்ற கம்பனியின் பழையது மேல். அது உன் முந்நூறு டொலருக்குள் அடங்கும். கைக்குள் அடங்கும் மிகச் சிறியதற்கு ஆசைப்படாதே. சிறிதாகச் சிறிதாகக் கையை உதைக்கும், குறியும் தப்பும். ஒன்பது மில்லிமீற்றர் குண்டு மலிவு, பழகுவதற்குக் கட்டுப்படியாகும். விசையை முழுதாக மூடும் உறையும், பிள்ளைகள் திறக்க முடியாத இரும்புப் பெட்டியும் இல்லாமல் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாதே. அந்த இரண்டின் விலையையும் முந்நூறுக்குள்ளேயே போட்டுப் பார்.”

பெட்டியை முதலில் வாங்கிவிட்டதாகப் பத்து நாளில் சொன்னார். ரெக்சாசில் 2021 செப்டெம்பர் முதல் பத்திரமே வேண்டியதில்லை. 2024 முடிவில் இருபத்தொன்பது மாநிலங்களில் அதே நிலை. எனவே சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லையே என்று மகிழ்ந்தவர், வைக்குமுன் இன்னொன்று கேட்டார். “அண்ணை, எங்கடை நிறம் தெரியுந்தானே. இரவிலே பொலிஸ் என் காரை மறித்தால், துவக்கு இருக்கெண்டு முதலிலே சொல்ல வேணுமோ, பேசாமல் இருக்க வேணுமோ?”

2016 இல் மினசோட்டா மாநிலத்தில், முறைப்படி பத்திரம் பெற்றிருந்த ஒரு கறுப்பின இளைஞர், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பணிபுரிந்தவர், இவ்வாறே மறிக்கப்பட்டார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகவே சொன்னார். சில விநாடிகளில், உடனிருந்த பெண்ணும் அவளுடைய சிறு மகளும் பார்த்திருக்க, சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட அதிகாரி அடுத்த ஆண்டு குற்றவாளியல்லர் என விடுதலையானார். உறவினரின் அந்தக் கேள்விக்கு இன்னும் நான் மறுமொழி சொல்லவில்லை.