சார்லட் செய்தது பிழையா?

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ புதினத்தில், இருபத்தேழு வயதுச் சார்லட், தான் மதிக்காத காலின்ஸை மணக்கிறாள். பணத்திற்காக மணந்தவள் என அவளை இகழ்வோர் உண்டு. நான் இகழேன். தனக்கெனச் சொல்லத்தக்க சொத்தும் தக்க தொழிலும் இல்லாத அவளுக்குத் திருமணம் ஒன்றே கூரை.

வெள்ளறடையில் வாழும் நமக்கு இஃது அயல்நாட்டுக் கதையன்று. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த தந்தையின் சொத்தில் மகள் பெற்றது மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5000 ரூபாய். இவற்றுள் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. கொடுப்பதாக வாக்களித்திருந்தாலே போதுமாம்!

ஆயினும் அதே சட்டம், நெய்யாற்றின்கரை முதலிய தாலுகாக்களில், ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுடைய சில புராட்டஸ்டன்டுக் கிறித்தவர்க்கு விலக்களித்தது. சமபங்கு நம் வட்டாரத்திலேயே வழக்கில் இருந்ததால், ‘அக்காலத்தில் வேறு வழியில்லை’ என்னும் வாதத்தை நான் ஏற்கவில்லை.

மேரி ராய் தொடுத்த வழக்கில், அச்சட்டம் 1951 முதலே செல்லாது என 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘நகை போட்டு அனுப்பினோமே, நிலம் எதற்கு?’ என்னும் கேள்வி மட்டும் இன்னும் வீடுகளில் கேட்கிறது.