உங்க பைக் என்ன சொல்லுது?



'நேத்து வரைக்கும் வண்டி பூ மாதிரி ஓடுச்சு பாஸ்... காலையில பார்த்தா இன்ஜின்ல டக டகன்னு சத்தம்!' ஹாஸ்டல் பார்க்கிங்கில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. அடுத்த காட்சி, மெக்கானிக் ஷெட். ஒருத்தர் 'டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணா போதும்'பார். இன்னொருத்தர் 'இன்ஜினை இறக்கணும் தம்பி'ம்பார். முதல் வேலைக்கு பாக்கெட் மணி போதும். ரெண்டாவதுக்கு எக்ஸாம் ஃபீஸ் கவரிலேயே கை வைக்கணும்! யார் சொல்றது சரின்னு புரிய, நம்ம காதுக்கும் கொஞ்சம் ட்ரெய்னிங் வேணும்.

முதல்ல ஆயில்!

சத்தம் வந்ததும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கிக் கேட்கிறது நம்ம பசங்க வழக்கம். அதை நிறுத்துங்க. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஆஃப் செய்து, சில நிமிஷம் கழித்து ஆயில் லெவல் பாருங்க. சின்ன 100 சிசி பைக்குக்குள் இருப்பதே சுமார் 1 லிட்டர் ஆயில்தான். அது ரொம்பக் குறைஞ்சு போனா உள்ளே இருக்கும் இரும்பெல்லாம் உரச ஆரம்பிச்சிடும். லெவல் குறைவா இருந்தா, ஊற்றிவிட்டுத்தான் அடுத்த ஸ்டார்ட்!

மூணு கேள்வி

ஒண்ணு: சத்தம் எப்போ வருது? காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா?

ரெண்டு: வண்டி நிற்கும்போதே வருதா, ஓடும்போது மட்டுமா? நியூட்ரலில் நின்றபடி முறுக்கினால் சத்தமே இல்லையா? அப்போ சந்தேகம் முதலில் செயின், வீல், பிரேக் பக்கம் போகட்டும். தொங்குற செயின், கவரில் அடிச்சு இன்ஜினுக்குக் கெட்ட பேர் வாங்கித் தரும்.

மூணு: கிளட்ச் பிடிச்சா சத்தம் மாறுதா? ஐட்லிங்கில் வர்ற கடகட சத்தம், கிளட்ச் பிடிச்சதும் அடங்கினா, கிளட்ச் ஹவுசிங் அல்லது கியர்பாக்ஸ் பேரிங் பக்கம் பார்க்கணும்.

எங்கேயிருந்து வருதுன்னு பிடிக்க ஸ்டெதாஸ்கோப் வேணாம், நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்துங்க. எந்த இடத்தில் சத்தம் பலமாக் கேட்குதோ, அங்கேதான் ஆள் இருக்கார்! செயின், சைலன்சர் பக்கம் கை போகாம கவனம். மூடின ஷெட்டுக்குள் இந்த ஆராய்ச்சி வேண்டவே வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே உலை வைக்கும்.

யார் இந்த சத்தம்?

மேலே, ஹெட்டில் இருந்து சீரான 'டிக் டிக்' வந்தா, பெரும்பாலும் டேப்பட். இன்ஜின் 2 சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு 1 தடவை திறக்கும். அதனால் இந்த டிக் டிக், இன்ஜின் வேகத்துக்குப் பாதி வேகத்தில்தான் கேட்கும். 'சத்தமே வராத மாதிரி டைட் பண்ணிடுங்கண்ணா'ன்னு மட்டும் கேட்காதீங்க. இடைவெளியே இல்லேன்னா வால்வு முழுசா மூடாது, சூடு தாங்காம எரிஞ்சே போகும். லேசா சத்தம் போடுற டேப்பட்டை நம்பலாம், ஊமை டேப்பட்தான் ஆபத்து!

சிலிண்டர் ஓரத்தில் சங்கிலி குலுக்கின மாதிரி 'சலசல' வந்தா, டைமிங் செயின் அல்லது அதோட டென்ஷனர்.

'டப் டப்'னு காத்து அடிக்கிற சத்தமா? சைலன்சர் பெண்ட் இன்ஜினில் சேருமிடத்தில் கரி படிஞ்சிருக்கான்னு பாருங்க. கேஸ்கெட் லீக்கா இருக்கலாம். இதை டேப்பட்னு நினைச்சு ஏமாறுறவங்க நிறைய.

குளிர்ந்திருக்கும்போது மந்தமான 'டொக் டொக்', சூடானதும் காணோம்னா, அது பிஸ்டன். சூட்டில் அலுமினிய பிஸ்டன் விரிஞ்சு, தேய்ஞ்ச இடைவெளியை அடைச்சிடும். உடனே நின்னு போகாது, ஆனா போர் வேலைக்குப் பணம் சேர்க்க ஆரம்பிச்சிடுங்க.

டாப் கியரில் மேடு ஏறும்போது மட்டும் தகர டப்பாவில் கூழாங்கல் போட்ட சத்தமா? அது நாக்கிங். கியரைக் குறைச்சாலே பாதி சரியாகும். அப்புறமும் வந்தா கார்பன், ஸ்பார்க் டைமிங் பார்க்கச் சொல்லுங்க.

கடைசி ஆள்தான் வில்லன். இன்ஜினோட அடிவயித்திலிருந்து, முறுக்க முறுக்க பலமாகிற 'டக் டக்'... கனெக்டிங் ராடு பேரிங்கா இருக்கலாம். 'ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்'னு ஹைவேயில் ஏறாதீங்க. ராடு உடைஞ்சு இன்ஜின் ஜாம் ஆனா பின் சக்கரம் அப்படியே லாக் ஆகும். பின்னாடி வர்ற லாரிக்கு அது தெரியாது. தள்ளிட்டே போங்க, தப்பே இல்லை.

ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியா? சாவி போட்டதும் 'உய்ய்ங்'னு சில நொடி கேட்பது பெட்ரோல் பம்ப். இன்ஜெக்டரும் மெல்லிசா டிக் டிக்கும். ரெண்டும் நார்மல்.

செகண்ட் ஹேண்ட் உஷார்!

பழைய பைக் வாங்கப் போறீங்களா? 'வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து பண்றேன்'னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. ஏற்கெனவே சூடா இருந்தா, எதையோ மறைக்கிறாங்கன்னு சந்தேகப்படலாம். டீ குடிச்சுட்டு வந்து, நல்லா ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் ஒரு நிமிஷம் பேச்சுக் கொடுக்காம காது கொடுங்க.

மெக்கானிக்கிட்ட 'ஏதோ சத்தம்ணே'ன்னு மொட்டையா சொல்லாதீங்க. 'குளிர்ந்திருக்கும்போது, மேல் பக்கம், டிக் டிக், கிளட்ச் பிடிச்சாலும் போகலை'ன்னு சொல்லிப் பாருங்க. பாதி வைத்தியம் அங்கேயே முடிஞ்சிடும். முக்கியமா, இன்ஜினை இறக்கணும்னு யாராவது சொன்னா, 'எந்த பார்ட்டுக்காகண்ணே?'ன்னு கேளுங்க. பதில் தெளிவா வரலையா? சாவியை வாங்கிக்கிட்டு அடுத்த ஷெட்டுக்குத் தள்ளுங்க!